கடைசியாகத் தொடர்புகொண்ட திகதி

மூன்று வரிதான் விட்டிருக்கிறார்கள்.
வெளிநாட்டில் வசிக்கும் உறவினர்:
பெயர், உறவுமுறை, முகவரி,
கடைசியாகத் தொடர்புகொண்ட திகதி.
போதாவிடின் தனித்தாள் இணைக்கவும்.

எங்கள் தெருவில் எவருக்குப் போதும் மூன்று வரி?
கல்லடியில் போட்டோக்கொப்பிக் கடைக்காரன்
தனித்தாளையும் சேர்த்தே தருகிறான்,
கேட்காமலே.

வேலை இதுதான்:
திமிலைதீவுப் பக்கம், ஓடுபாதை வேலிக்கு உள்ளே
காற்றின் வேகத்தையும் முகிலின் உயரத்தையும்
மணிக்கொருதரம் எழுதி அனுப்புவது.
பரீட்சையில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தேன்.
முகில் வேலிக்கு மேலால் வந்து போகும்.
அதைப் பார்த்து எழுதுகிறவளுக்குத்தான்
பாதுகாப்பு அனுமதி வேண்டும்.

போன செவ்வாய் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர்.
ஒருவர் கதிரையில் இருந்தார்,
மற்றவர் எங்கள் சுவர்களைப் பார்த்தார்.
கூரைத் தகரம் ஆர் அனுப்பின காசு?
சுனாமிக்குப் பிறகு, ரஞ்சிதமலர் அக்கா, ஸ்காபரோ.
பிரிட்ஜ்?
ஜெயகாந்தி, தோகா, வீட்டுவேலை.
கிணற்று மோட்டார்?
அது நான் சீட்டுப் புடிச்சு வாங்கினது, என்றா அம்மா
நிமிர்ந்து.
அதை மட்டும் அவர் எழுதவில்லை.

ரஞ்சிதமலர் பெரியம்மாவின் மகள்.
அக்கா என்று எழுதினால் கூடப்பிறந்தவள் ஆகிவிடுவாளாம்.
ஒன்றுவிட்ட அக்கா என்று எழுது, என்றார்கள்.
விட்ட அந்த ஒன்று எது?
ஒரே குடி. ஒரே கோயில் திருவிழாமுறை.
எனக்கு அம்மை போட்டபோது
பதினொரு நாள் பக்கத்தில் படுத்தவள்.
எழுதினேன். ஒன்றுவிட்ட.

பிறகு அண்ணன்.
அவனில் விடுவதற்கு ஒன்றும் இல்லை.
புவிதரன், முப்பத்தெட்டு வயது, சூரிச்.
வீட்டை மகளுக்கு எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம்;
கல்லும் சீமெந்தும் அவன் காசு.
உறுதி எழுதிய அன்று போனில் ஒரு சொல் சொன்னான்,
நான் இரண்டு சொன்னேன்.
அதற்குப் பிறகு கதையில்லை.

2018, ஆவணி.
எழுதும்போது, வெட்கத்தை விட்டுச் சொன்னால்,
நிம்மதியாகத்தான் இருந்தது.
கோபத்தால் முதல்தடவை ஒரு பயன்.
கதைக்காத அண்ணன் பாதுகாப்பான அண்ணன்.

இரவு ஒன்பது நாற்பது.
படிவத்துக்கு மேலேயே போன் அதிர்ந்தது. நாற்பத்தொன்றில் தொடங்கும் இலக்கம்.
அம்மா சொல்லியிருப்பா.
எடுக்காவிட்டால் 2018 அப்படியே நிற்கும்.
தவறிய அழைப்பு தொடர்பா இல்லையா,
அறிவுறுத்தல்களில் தேடினேன்.
பின்பக்கத்திலும் இல்லை.

இரண்டாந்தரம் அடித்தபோது எடுத்தேன்.

சுகம் கேட்கவில்லை அவன்.
ஃபோர்மா நிரப்புறாய், என்றான்.
எனக்கும் தந்தாங்க புள்ள,
ஏர்போட்ல பெட்டி ஏத்துற வேலைக்கு,
உள்ள போற அட்டைக்கு.
சிலோன்ல ஆர் இரிக்காங்க எண்டு கேட்டிருந்திச்சு.

நீ என்ன எழுதின?

அவன் பக்கம் ஏதோ அறிவித்தல் போனது,
ஜெர்மன் மொழியில், நிதானமான பெண்குரல்.
அது முடியும்வரை பொறுத்திருந்தான்.

ஒருத்தரும் இல்ல எண்டு.

எப்ப?

வீட்டுச் சண்டைக்கு ரெண்டு வருசம் முன்ன.

நான் கணக்குப் பார்த்தேன்.
அப்போது அத்திவாரம் போட்டுக்கொண்டிருந்தோம்.
ஒருத்தரும் இல்லாத ஊருக்கு
மாதம் தவறாமல்
சீமெந்துக்குக் காசு அனுப்பியிருக்கிறான்.

பிறகு என்ன கதைத்தோம் என்று ஞாபகமில்லை,
இறால் விலை, அவன் முழங்கால் நோவு.
வைத்தபின் 2018ஐக் கோடிட்டு வெட்டி
இன்றைய திகதியை எழுதினேன்.
திருத்தங்களுக்கு அருகே ஒப்பமிடவும்.
இட்டேன். கை கொஞ்சம் ஆடியதால்
அது என் ஒப்பம் மாதிரி இல்லை.

என்னவாம்? உள்ளறையிலிருந்து அம்மா.

காத்து எந்தப் பக்கம் எண்டு கேட்டான்.

இந்த மாசத்தில என்ன கேள்வி மனே,
கச்சான்தான், என்றா.