கைமாறு

மெழுகுக் கட்டியை மறுபடி பனித்தட்டில் வைத்தேன்.
குளிர்ந்தால்தான் கத்திக்கு வழிவிடும்.
நாலு மைக்ரான் கனம்,
வெங்காயச் சருகைவிட மெலிசு,
வெந்நீர்த் தொட்டியில் சுருக்கம் நீங்கி மிதந்தது
யாரோ ஒருவரின் கெண்டைக்கால்.

யாரோ இல்லை.
படிவத்தில் பெயர் இருந்தது:
அலிஸ்டர் கின்கேட், அறுபத்தொன்று, வேலிக்காரர்.
போன மார்ச்சில் மாஸ்கீலுக்கு வந்து
என் வேலியை நிமிர்த்திவிட்டுப் போனவர்.
காசை நீட்டினேன்.
"இருக்கட்டும் நைரீ, மிச்சக் கம்பிதானே" என்றார்.
அரைக்கால் சட்டை. நாற்பது கோடை.
இந்த ஊர் வெயில் பார்க்கச் சாது;
காற்று சில்லென்றிருக்கிறதே என்று நம்பினால்
சாயங்காலம் தோல் உரியும்.

ஆய்வுக்கென்று கூடுதலாக இரண்டு சாயம் கேட்டிருந்தார்கள்.
ஒன்று ஈ-கேடெரினுக்கு,
இன்னொன்று என்-கேடெரினுக்கு.
செல்லின் மேலே துருத்திக்கொண்டிருக்கும் புரதங்கள்;
வெளியே கை, உள்ளே வேர்.
கால்சியம் இருந்தால் பிடி இறுகும்.

தோலின் அடிவரிசையில்
நிறம் சுமக்கும் செல் ஒன்று.
சுற்றிலும் மேலுமாக முப்பது சொச்சம் அண்டை வீட்டார்.
பக்கத்தில் இருப்பவர் கையைப் பற்றியபடி
இருந்த இடத்தில் இருந்து
நிறத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதே அதன் பிழைப்பு.
பெருகாதே, நகராதே என்று
யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
பற்றிய கை சொல்லும்.

முதல் கண்ணாடியின் ஓரத்தில் பழுப்பு விழுந்திருந்தது,
தேன்கூட்டுக் கோடு மாதிரி, ஒழுங்காக.
நடுவுக்கு நகர்த்தினேன். கோடு மங்கியது.
இன்னும் கொஞ்சம். வெறும் நீலம்.
கும்பல் கும்பலாகச் செல்கள்,
ஒரு கையும் இல்லை.

அதோடு நின்றிருந்தால்கூடத் தேவலை.
இரண்டாவது கண்ணாடியில்
அதே இடத்தில் பழுப்பு.
ஈ என்றிருந்தது
என் என்கிறது.
ஓர் எழுத்துதான்.

புதுக் கைக்குப் பழைய அண்டையார் பொருந்துவதில்லை.
கீழ்த்தளத்து நார்ச்செல் பொருந்தும்.
இரத்தக் குழாயின் உள்சுவர் பொருந்தும்.
முறித்துக்கொண்டு ஓடவில்லை அது;
ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பிடித்து
இறங்கியிருக்கிறது,
இரண்டு புள்ளி மூன்று மில்லிமீட்டர்.

வேலி ஒருநாளும் அறுந்து விழாது என்பார் அலிஸ்டர்.
கோடிக்கம்பம் விரலளவு சாயும், அவ்வளவுதான்,
மீதியை ஆடுகள் பார்த்துக்கொள்ளும்.

அறிக்கை எழுதுவது என் வேலை இல்லை.
கண்ணாடிகளை அட்டைத்தட்டில் அடுக்கி
டாக்டர் வெதரலின் மேசையில் வைத்தேன்.
என்ன பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை,
கேட்கும் வழக்கமும் இல்லை.

சனிக்கிழமை கடையில் பால் எடுக்கும் இடத்தில் நின்றிருந்தார்,
முழங்காலுக்குக் கீழே கட்டு,
அதே அரைக்கால் சட்டை.
"ஒண்ணுமில்லை, ஒரு மச்சம். செவ்வாய்க்கிழமை சொல்வார்களாம்."
ஆமாம் என்றேன். ஆமாம் என்று ஏன் சொன்னேன்?
"கேட்டுக் கொக்கி இன்னும் இறங்குகிறதா?"
இறங்குகிறது.
"வியாழன் வருகிறேன். இதுக்கும் காசு கிடையாது."

கையை நீட்டினார்.
கம்பி கிழித்துக் காய்த்த கை.
சற்றுக் கூடுதலாகவே பிடித்துவிட்டேன் போலிருக்கிறது,
முகத்தைப் பார்த்தார்.
பால் பாட்டிலை
இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.