ஆறுக்கு ரெண்டு

ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி ஆழம்.
என் உத்தியோகத்தில் இதற்கு நிலம் என்று பேரில்லை,
அளக்கும்போது கண்டுகொள்ளாமல் விடுகிற பிழை.

முதல் மாசம் மீனே விடவில்லை.
காங்கேயத்துப் போர்த் தண்ணி, சப்பத்தண்ணி,
பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.
மணலைப் பதினோரு தடவை அலசிக் கொட்டி
ஃபில்டரைப் போட்டுவிட்டு
நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.
"ஏனுங், தண்ணியவா வளத்தறீங்க?" என்றாள் சுலோச்சனா.
ஆமாம். கண்ணுக்குத் தெரியாததெல்லாம்
முதலில் குடியேற வேண்டும்.

மணலில் நட்ட செடி தங்காது,
தோண்டிப் போட்ருமுங் என்றார் ஈரோட்டுக் கடை ஜெரால்டு.
அனுபியாசையும் ஜாவாப் பெரணியையும்
தூண்டில் நரம்பால் கல்லோடு கட்டச் சொன்னார்.
தாலுக்கா ஆபீஸ் பின்னால் கிடந்தது ஒரு கல்:
யாரோ பிடுங்கி, யாரோ உடைத்து,
யாரோ சாட்சிக்குத் தூக்கி வந்த
எல்லைக்கல்லின் மேல்பாதி.
அம்புக்குறி மட்டும் அப்படியே.
கேஸ் முடிந்து ஒன்பது வருசம்.
டிவிஎஸ்ஸின் முன்னால் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன்.

சாதுவை முன்னால் விடணும், முரடனைக் கடைசியில்.
மாற்றி விட்டால்
முதலில் வந்தவன் மொத்தத்துக்கும் பட்டா கேட்பான்.

சில்வர் டாலர் ஆறு.
ஓரத்தில் நான் ஆசைக்கு நட்ட வாலிஸ்னேரியாவை
ஒரே வாரத்தில் கீரைக்கட்டாக்கித் தின்றன.
ஒரு பிளெக்கோ, பகலெல்லாம் கட்டைக்கு அடியில்.
கான்விக்ட் ஒரு ஜோடி, விரல் நீளம்,
ஜெயில் சட்டைக் கோடு.
"அதுக வேண்டாமுங்.
வாயில நுழையலீன்னா கூட்டாளி, நுழைஞ்சா சோறு."
நான் கேட்கவில்லை.
கடைசியாக ஜாகுவார், அப்போது அதுவும் ஒரு விரல்தான்.

வருசம் திரும்பியது. ஜாகுவார் ஒண்ணரைச் சாண்.
இடது பாதியில் பள்ளம் பறித்து
வாயால் மணலள்ளி வரப்புப் போட்டது.
வரப்பு தாண்டிய சில்வர் டாலருக்கு வால் இல்லை.
"கல்லையெல்லாம் எடம் மாத்துங்,
ஆருது எதுன்னு மறந்து போயிரும்."
ஞாயிற்றுக்கிழமை தோள்வரை கையை விட்டு மாற்றினேன்.
வாடகைக்கு வந்தவர்களைப் போல
ஒவ்வொரு மூலையையும் முகர்ந்து பார்த்தன.
ரெண்டு நாள் சண்டையில்லை.
இருபத்து மூன்று வருசச் சர்வீசில்
இப்படி ஓர் உத்தரவு போட
எனக்கு அதிகாரம் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை படியூர்ப் பக்கம்.
சென்னியப்பனும் தம்பியும்,
ஒருத்தர் நிழல் ஒருத்தர் மேல் விழாத தூரத்தில்.
நடுவில் ஒரு தென்னை. ஒரு சாண் தகராறு.
சங்கிலி பிடிக்கிற பையனின் உள்ளங்கை பொரிந்தது.
"இன்னொருக்கா அளங்க சார்."
அளந்தேன். அதே சாண்.
கல்லை நட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டு வந்தேன்.

ராத்திரி தொட்டியில்
ஜாகுவார் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால்,
புள்ளியெல்லாம் வெளுத்து, உடம்பை ஒடுக்கிக்கொண்டு.
நோய் என்றுதான் நினைத்தேன்.
நாலடி நீளமும் கான்விக்ட்டுகளுடையது.
செவுளை விரித்துக்கொண்டு ஆண் பாய,
அத்தனை பெரிய வாய் மூடிக்கொண்டு பின்வாங்குகிறது.
பெண் நகரவில்லை.
உடைந்த எல்லைக்கல்லின் மேல்
அம்புக்குறி வெட்டிய பள்ளத்தில்
கசகசா கொட்டினது போல் முட்டை.
விசிறிக்கொண்டே இருந்தது.

பத்தரைக்குப் போன், தம்பிக்காரர்:
"சார், பொழுதோட நட்ட கல்லு, இப்பக் காணமுங்."
காலையில் வருகிறேன் என்றேன்.

விளக்கை அணைத்தேன்.
இருட்டில் பெரியது வரும், ஜெரால்டு சொன்னது ஞாபகம் வந்தது.
திரும்பப் போட்டேன்.

"விடிய விடிய எரியுமா? கரண்ட் பில்லு ஆரு கட்றது?"

மூணு நாளைக்கு என்றேன்.

"அப்பறம்?"

அப்பறம் நீந்தும்.

"எங்க?"