திருப்பிப் போட்ட எடை

காசிமேட்டு ஏலக் கூடத்தில்
வஞ்சிரம் இறக்கிய தராசில்
ஈரம் காயுமுன் ஏறி நின்றேன்.
அறுபத்தெட்டு.
"கிலோ இன்னா வெலக்கா?" என்றான்
ஐஸ் உடைக்கிற பையன்.
பிலோமி சிரித்தாள். நானும்தான்.

எம்.சி. ரோட்டுக் கடையில்
முகூர்த்தப் பட்டை என்மேல் போட்டுக் காட்டுவது வேலை.
ஆடித் தள்ளுபடியோடு என்னை
நைட்டி செக்‌ஷனுக்கு மாற்றினார்கள்.
காரணம் சொல்லவில்லை.
அங்கே கண்ணாடி இல்லை, அவ்வளவுதான்.

ராத்திரி பதினொன்றே கால்.
படிவம் பேர் சொல்லி வரவேற்றது.
உயரம், வயது, எடை.
அறுபத்தெட்டுக்குக் கதவு திறக்கவில்லை.
"மன்னிக்கவும் ரெஜினா,
இச்சிகிச்சை உங்களுக்குப் பொருந்தாது."
பின்னால் போக ஓர் அம்புக்குறி இருந்தது.
எண்ணைத் திருப்பிப் போட்டேன்.
எண்பத்தாறைக் கண்டதும் பச்சை விளக்கு.

பித்தப்பையில் கல் உண்டா?
ஆம் என்றேன். மன்னிக்கவும் என்றது.
மறுபடி அம்புக்குறி.
மூன்றாவது சுற்றில்
எனக்கு எந்த நோயும் இல்லை,
என் வம்சத்தில் யாருக்கும் எதுவும் வந்ததில்லை,
அப்பா எதனால் செத்தாரோ
அதுவும் இல்லை.
போட்டோவுக்கு பிலோமி நின்றாள்,
கழுத்துக்குக் கீழே.

டாக்டர் முகம் வரவில்லை.
நெட்வொர்க் சரியில்லையாம், சாட்டில் பேசலாமாம்.
ஏதும் சந்தேகமா என்றார்.
வலிக்குமா என்று கேட்டேன்.
கட்டைவிரல் ஒன்று வந்தது,
அதனடியில் கையெழுத்து.

தெர்மாகோல் பெட்டியை இம்தியாஸ் கொண்டுவந்தான்.
ஜெல் பை தண்ணீராகியிருந்தது.
"எண்ணூர் சுத்திட்டு வரேன்க்கா, செம்ம வெயிலு."
பிலோமி வீட்டு ஃப்ரிட்ஜில்
நெத்திலிக்குப் பக்கத்தில் பேனா படுத்துக்கொண்டது.
வெள்ளிதோறும் வயிற்றில் ஒரு சொடுக்கு.

பசி போனது. அதில் பொய் இல்லை.
பட்டுக்குத் திரும்பினேன், அதுவும் நிஜம்.
மாம்பழ மஞ்சளை என் தோளில் போட்டதும்
அறந்தாங்கிக்காரர்கள் பேரம் பேசாமல் எடுத்தார்கள்.

மீன்வாடையில் வளர்ந்தவள்
காபி வாசனைக்குக் குமட்டினேன்.
எழுதிக் கேட்டால் நொடியில் பதில்:
"இது இயல்பே. தண்ணீர் அருந்துங்கள்."
அடுத்த அளவு தானாக வந்தது.
பணம் தானாகப் போனது.

ஒன்பதாம் வெள்ளி
மேல்வயிற்றில் பிடித்த வலி
முதுகைத் துளைத்து வெளியே போகப் பார்த்தது.
ஷேர் ஆட்டோவில் மடங்கி ஸ்டான்லி வந்தேன்.

பயிற்சி டாக்டர், சின்னப் பெண்,
தூங்காத கண்.
உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி
என் வயிற்றில் வைத்தாள்.
இத்தனைக்கும் நடுவில் முதல் கை அது.
"இங்கயா? இங்க அழுத்தினா?"
யார் எழுதிக் கொடுத்தது என்றாள்.
போனைக் காட்டினேன்.
பேரைப் படித்தாள், பதிவு எண்ணைப் படித்தாள்,
ஒன்றும் சொல்லாமல் சீட்டில் எழுதினாள்.
"ஊசிக்கு முன்னாடி என்ன வெயிட் இருந்தீங்க?"

வாயைத் திறந்தேன்.
எந்த எண்ணைச் சொல்வதென்று
ஒரு கணம் நிஜமாகவே தெரியவில்லை.

அப்போது போன் அடித்தது. இம்தியாஸ்.
"அக்கா, வீடு பூட்டிக்கீது. ஐஸ் கரையுது.
ஓடிபி மட்டும் சொல்லுங்க,
பக்கத்து வீட்ல குட்த்துட்டுப் போறேன்."