அரை டிக்கெட்

திருநெல்வேலி சந்திப்பு – நாசரேத்.
இரண்டாம் வகுப்பு. பாசஞ்சர். அரை.
கட்டைவிரல் நீள அட்டை,
பிள்ளைக்கென்று ஒரு மூலை கத்தரித்துக் கொடுத்தது.
டிசம்பர் 24 தெரிகிறது.
வருசம் மட்டும் அச்சில் அமுங்கவில்லை.

சங்கரநயினார் டவுனில் எடைக்கு வாங்கிய
ஒரு பழைய கால அட்டவணைக்குள் கிடந்தது.
புத்தகம் முப்பது ரூபாய்.
பிள்ளை இலவசம்.

நாங்கள் நாலு பேர்.
அவருக்கு மின்வாரியத்தில் கணக்கு.
லெப்பைக்குக் காயல்பட்டினத்தில் வாட்ச் கடை.
ஜெபகனி நாசரேத்தில் பூகோள டீச்சர்.
நான் பாளையங்கோட்டையில் பல் டாக்டர்.
நாங்கள் கூடிப் பேசினால்
வீட்டில் ஒவ்வொருவராய் எழுந்து போய்விடுவார்கள்.
மீட்டர்கேஜ் எவ்வளவு அகலம் என்று கேட்டுப் பாருங்கள்,
எட்டுக் கைகளும் ஒரே அளவில் விரியும்.

எங்களுக்குள் கிறிஸ்மஸ் வாழ்த்து அந்த அட்டைதான்.
வைத்திருப்பவர் அடுத்தவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பணும்,
கூடவே ஒரு கேள்விக்குப் பதிலும்:
இதில் ஏன் துளை விழவில்லை?

கூட்டம், என்று எழுதினேன் நான்.
பண்டிகைக்கு முந்தின நாள்,
பரிசோதகருக்கே நிற்க இடம் இருந்திருக்காது.

பிள்ளைக்குக் காய்ச்சல், என்றாள் ஜெபகனி.
அப்பா மட்டும் வந்திருப்பார்,
சின்னச் சட்டை ஒன்றை
மடிப்புக் கலையாமல் திரும்ப எடுத்துக்கொண்டு.

பையனுக்குப் பன்னிரண்டு முடிந்து ஒரு மாசம்,
வாசலிலேயே மாட்டிக்கொண்டான், இது சங்கரநயினார்.
ஆதாரம் கிடையாது. ஆனால் எனக்குத் தெரியும்.

லெப்பை எழுதியது ஒரு வரி:
பிள்ளை இன்னும் வண்டியிலதான் இருக்கு வே.

வெள்ளம் வந்த டிசம்பரில்
அட்டை லெப்பையிடம் இருந்தது.
ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றுபோனது.
சரளை அடித்துப் போய்த்
தண்டவாளம் துணிக்கொடி மாதிரி தொங்கியது.
கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்ற மஞ்சள் பலகையை
ஆறே வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனது.
இடுப்பளவு தண்ணீரில் கடைக்குள் இறங்கிய லெப்பை
முதலில் எடுத்தது கடிகாரத்தை அல்ல.
அவர் மனைவி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அந்த வருச வாழ்த்து பிப்ரவரியில் எனக்கு வந்தது.
ஊறிக் காய்ந்து அப்பளமாய் வளைந்த அட்டை.
24 இல்லை.
நாசரேத்தில் 'நா' மட்டும் மிச்சம்.
என் கையில வச்சு அழிஞ்சிட்டு, மன்னிக்கணும்.

அடுத்து ஜெபகனிக்கு நான் அனுப்பணும்.
தபாலில் போட மனசில்லை.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் வண்டி ஏறினேன்.
எனக்கென்று எடுத்த டிக்கெட்
ஒரு மாசத்தில் வெளுத்துப்போகும் காகிதம்.
செய்துங்கநல்லூர். தாதன்குளம்.
புதுச் சரளை இன்னும் பழுப்பேறவில்லை.
ஆழ்வார்திருநகரி தாண்டியதும்
மாடிதோறும் காகித நட்சத்திரம்.
யோசேப்பும் மரியாளும்
இந்த நாசரேத்தில் இருந்துதான் கிளம்பினார்கள் என்று
ரெண்டாம் வகுப்பு வரை நம்பியவன் நான்.
எந்த வண்டி என்பதுதான் அப்போது சந்தேகம்.

வாசலில் டிக்கெட் வாங்க ஆள் இல்லை.
ஜெபகனி நின்றாள்,
சாத்தான்குளத்தில் யாரிடமோ விலைக்கு வாங்கிய
பரிசோதகர் குறடோடு.
கொடுங்க, என்றாள்.
ஓட்டையை அடைத்துப் பிழைக்கிறவன் நான்.
கொடுத்தேன்.

டக்.

துணுக்கு பிளாட்பாரத்தில் விழுந்தது,
ரெண்டு பேரும் குனியவில்லை.
இறங்கியாச்சு, என்றாள்.
பிறகு மஸ்கோத்து அல்வா, டீ,
திரும்பும் வண்டி இருபது நிமிசம் லேட்.

மறுநாள் சங்கரநயினார் போனில் குதித்தார்.
பாழாக்கிட்டீரே வே, ரெண்டு பேரும் சேர்ந்து!
வாழ்த்து கடைசிவரை சொல்லவில்லை.
அரைமணி நேரம் கழித்து மூச்சு வாங்கினார்.
அப்புறம், குரலை இறக்கி:
துளை என்ன வடிவம்?

நட்சத்திரம் என்று சொல்ல நாக்கு வந்தது.
இல்லை, 'ட' மாதிரி ஒரு மூலை, என்றேன்.

'ட'வா? அது மணியாச்சிக் குறடுல்லா,
நாசரேத்துக்கு எப்படி வந்துச்சு?

பேனா மூடி கழலும் சத்தம் கேட்டது.