படி

குயின்ஸ்டவுனில் மழை நின்றால்தான் செய்தி.
கட்லர் தெருவின் கடைசியில் இரண்டு வீடுகள்,
நடுவே தகர வேலி.
இரண்டு வாசலிலும் நான்கு படிகள்,
இரண்டு வாசலுக்குள்ளும் சக்கர நாற்காலி.

கூரைத் தகரம் மாற்றப்போய் ஆல்டன் குரோதர்ஸ் விழுந்தபோது
வயது அறுபத்து நான்கு.
தோரா பைபஸுக்கு வலப்பக்கம் விழுந்தபோது
அறுபத்தைந்து முடிந்து ஒன்பது நாள்.
பிறந்தநாள் கேக்கில் பாதி
அப்போதும் ஃப்ரீசரில் இருந்தது.

அறுபத்தைந்துக்கு இந்தப் பக்கம் ஓர் அலுவலகம்,
அந்தப் பக்கம் வேறொன்று.
அவருக்கு வாரம் இருபத்தாறு மணி நேரம் ஆள்,
குளியலறைப் பிடி, வாசலுக்குச் சாய்தளம்.
அவளுக்கு மூன்று மணி நேரம்,
மற்றதற்கெல்லாம் வரிசையில் ஓர் எண்.
முப்பத்தொரு வருடம் இந்த ஊருக்குத் தபால் பிரித்தவள்,
ஒரு சென்ட் விடாமல் வரி கட்டியவள்.
படியளக்கிறவர்களிடம்
இரண்டு படி இருந்தது.

நான் தச்சன். சாய்தளம் என் வேலை.
பதினான்கு மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏறலாம்,
அதற்கு மேல் கூடாது.
அளந்துகொண்டிருந்தேன். வேலிக்கு அப்பாலிருந்து குரல் மட்டும் வந்தது:
"என் பக்கமும் கொஞ்சம் சரியட்டுமே!"
அவள் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
ஒருவர் பெயரில் ஒதுக்கிய பலகைமேல்
இன்னொருவர் சக்கரம் ஏறக்கூடாதாம்.
பேசிய பெண் கெட்டவள் இல்லை, தயங்கித்தான் சொன்னாள்.
விதிப்படி என்றாள்,
இரண்டு தடவை.

வெள்ளிக்கிழமை என் டேப் தப்பாகக் காட்டியது.
மேடை வேலியைத் தாண்டி
இரண்டரை மீட்டர் போய்
தோராவின் நிலைக்கதவில் முட்டி நின்றது.
ஆல்டன் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
வேலித் தகரத்தைக் கழற்ற
ஸ்பேனர் நீட்டினார்.

பதினொரு மாதம் கழித்து
தோரா தெருவுக்கு வந்தாள்.
நல்ல மழை. இடது காலால் உந்தி உந்தி
தபால் பெட்டி வரைக்கும்.
கை பழக்கம்,
பக்கத்துப் பெட்டியையும் சேர்த்தே திறந்தாள்.
அவளுக்கு வந்ததில் வரிசை எண் இருநூற்றுப் பதினேழு,
போன மாதம் இருநூற்றுப் பதினைந்து.
ஆல்டனுக்கு வந்ததைப் பிரிக்காமல்
பல்லில் கவ்விக்கொண்டு மேலேறினாள்.
வழியில் இரண்டு இடத்தில் நின்றாள்.

"கூடுதலாக உள்ள இரண்டரை மீட்டர்
யாருக்காக? விளக்கவும்."

எனக்கும் அதில் ஒரு படி வந்திருக்கிறது.
டேப்பை மாற்றிவிட்டேன் என்று
பதில் எழுதிவிடலாம்.
மாற்றவில்லை.