கூட்டுக் கணக்கு

"கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சு" என்றேன்.
சொன்ன பிறகுதான்
அது என் காதிலேயே விழுந்தது:
கூட்டு பிடித்து ஓடிப்போன எல்லாரும்
முதலில் இப்படித்தான் எதையாவது சொல்லியிருப்பார்கள்.

போர்ச்சில் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
ஒன்பதாம் மாதக் குலுக்கல்.
இன்பரசி மட்டும் "ஓ, அப்படியா" என்றாள்.
அந்த "ஓ"வுக்குள்
ஒரு செம்பனை லோரி திரும்பும் அளவுக்கு இடம் இருந்தது.

பாகாவில் யாரோ பயன்படுத்தி விற்றது, நானூற்றைம்பது வெள்ளி.
மூன்று நாளாகவே சகுனம் காட்டியது.
சின்னம் வரும், வட்டம் சுற்றும்,
நீலத்திரையில் ஒரு சோக முகம்,
பிறகு இருட்டு.
தானாக எழும். தானாக விழும்.
ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வரும்
என் வீட்டுக்காரர் மாதிரி
படியேறி, தடுக்கி, மறுபடியும் படியேறி.

இன்று அதுவும் இல்லை.
பொத்தானை அழுத்தினால் பீப்.
"அழுவுது" என்றாள் கோமளவல்லி.
"எண்ணுங்க" என்றேன். மூன்று.
சிரம்பானில் இருக்கும் மாமன் மகனுக்கு அடித்தேன்.
"ராம்" என்றான்.
வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

முதலில் ஒயரை மாற்றினோம்.
ஐஸ்பெட்டியைப் பிடுங்கிவிட்டு
அந்தப் பிளக்கில் செருகிப் பார்த்தோம்.
பிறகு திருகாணி. நான்கில் ஒன்று வரவே இல்லை.
பக்கத்து வீட்டு காக் ரோஸ்னா
தையல் மிஷின் ஸ்குரு டிரைவரை
வேலிக்கு மேலே நீட்டினார்.
மூடி கழன்றதும் எல்லாரும் எழுந்து வந்தார்கள்.
பன்னிரண்டு தலை, ஒரு கைப்பேசி வெளிச்சம்.

உள்ளே எங்கள் ஊரே இருந்தது.
காற்றாடி இறக்கையில் அடையடையாய்
மண்சாலைச் சிவப்புத் தூசி.
ஆலைக் கரி. பல்லி முட்டை இரண்டு.
பவர் பெட்டிக்குள் போய்வரும் எறும்புகள்,
தவணை தவறாதவர்கள்.

ராம் இரண்டு துண்டு, விரல் நீளம்.
பள்ளிக்கூட அழிரப்பரால்
அந்தத் தங்கப்பல் வரிசையைத் தேய்க்கச் சொன்னான்.
அடகுக்குப் போகும் நகையைப் போல் தேய்த்தேன்.
ஒன்றைப் போட்டேன். பீப்.
எடுத்துவிட்டு மற்றதைப் போட்டேன்.
பீப் இல்லை.
மேசைக் காற்றாடியை
திறந்த வயிற்றுக்கு நேரே திருப்பி வைத்தோம்.
சின்னம். வட்டம். வட்டம்.
கோலா பிலாவில் யார் கல்யாணத்திலோ எடுத்த படம்
திரை முழுக்க வந்து நின்றது.

"எவ்ளோ நேரம் தாங்கும்?"
"தெரியாது."
"அப்போ படிங்கக்கா, வேகமா."

படித்தேன். பெயர், மாதம், கட்டியது, பாக்கி.
அவரவர் கணக்கை அவரவர் எழுதினார்கள்,
கரண்டு பில்லின் பின்புறம், உள்ளங்கையில்,
கோமளவல்லி நாலு நம்பர் சீட்டில்.
(படம் பிடித்தாலே போதுமே என்று
இப்போது தோன்றுகிறது.
அப்போது ஒருத்திக்கும் தோன்றவில்லை.)

இன்பரசியின் வரி வந்தது.
ஜூன், முந்நூறு, கட்டியாச்சு.

ஜூனில் அவள் கட்டவில்லை.
கொக்கி அரிவாள் நழுவி
அவள் புருஷனின் தோள் கிழிந்த மாதம்.
குலுக்கல் நின்றுவிடக் கூடாதென்று
என் கையிலிருந்து போட்டேன்.
பாக்கி என்று எழுதியதாகத்தான் ஞாபகம்.
ஆனால் வாய் நிற்கவில்லை,
"முந்நூறு" என்று படித்துவிட்டேன்.
அவள் பேனா நின்றது.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
பிறகு எழுதினாள்.

என் விரல் தடுக்கியதா,
கெட்டுப்போன துண்டுக்குள்
ஏதோ ஒன்று இடம் மாறிப் படுத்ததா,
யோசிப்பதற்குள் பதினோராம் நிமிடம்.
திரை அணைந்தது.

சீட்டு கோமளவல்லிக்கு விழுந்தது.
மைலோ குடித்துவிட்டு ஒவ்வொருவராய்க் கிளம்பினார்கள்.
இன்பரசி பன்னிரண்டு நாற்காலியையும்
அடுக்கி வைத்துவிட்டுப் போனாள்.
எப்போதும் செய்யமாட்டாள்.

கேட்டைச் சாத்திவிட்டு வந்து
இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன்.
பீப் என்றது.
எண்ணவில்லை.