நோல்சாய் படகு

டோர்ஷவ்ன் ஆய்வகத்தின் சன்னலில்
மழை படுக்கைவாட்டில் பெய்கிறது.
எண்பத்தேழாம் குப்பியைத் திறக்கிறாள் ரன்வோ.
மூக்கு பழகிப் பத்து வருடமாயிற்று.

குடல் சுவரில் மாண்ட வெள்ளணுக்கள்
கொட்டிவிட்டுப் போன புரதம் இது.
கால்சியம் கைக்கு எட்டினால்
உருமாறும், இறுகும்,
கிருமியின் வாயிலிருந்து துத்தநாகத்தைப் பிடுங்கும்.
நல்லதுதான்.
கூடவே கூவியும் தொலைக்கும்:
வாருங்கள், இன்னும் வாருங்கள்.
வந்தவை சாகும்,
செத்தவை கூவும்.
அணைக்க ஓடி வந்தவர்களே விறகு.

எந்திரம் எண்ணைத் துப்புகிறது:
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
ஐம்பதைத் தாண்டினாலே புருவம் உயரும்.

குப்பியில் பெயர் இல்லை.
பிறந்த தேதி, தீவு, அவ்வளவே.
இருநூறு பேர் வாழும் நோல்சாயில்
அந்தத் தேதிக்கு ஒருவன்தான்.

மாலைப் படகு.
மீன் ஆலையிலிருந்து வருகிறான் ட்ரோண்டூர்,
இடுப்புப் பட்டையில் புதிதாக இரண்டு துளை.
"எப்படி இருக்கிறாய்?"
"என்ன, நேற்றைய இறைச்சி ஒத்துக்கொள்ளவில்லை."

திங்கட்கிழமைதான் மருத்துவர் சொல்வார்.
அதுவரை அந்த எண்
அவளுக்குள் இறுகிக் கிடக்கும்,
கூவ அனுமதியில்லை.

கழிவறைக் கதவருகே இருந்த தன் இருக்கையிலிருந்து
எழுகிறாள்.
"உட்கார். எனக்கு இங்கே குளிர்கிறது."